தேர்முட்டிக் கல்வெட்டில் ராக்காவலர் எங்கே?

நம் ஊர்த் தேர்முட்டித் திறப்பு விழாவைப் பற்றி நான் ஏன் இதுவரை ஒன்றும் எழுதவில்லை என்று பலர் உள்பெட்டியில் கேட்டுவிட்டீர்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். ஆறவில்லை. எனவே இப்படியே எழுதிவிடுகிறேன்.

தேர் நிற்கும் அந்தத் திடலைப் புதுப்பித்து, அதன் முகப்பில் பளபளப்பான கருங்கல் பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் கோயிலின் பெருமை இருக்கிறது, தேரின் உயரம் இருக்கிறது, சந்தையின் பழமை இருக்கிறது, பரம்பரைத் தலைவர்களான பட்டக்காரர்களின் கொடை இருக்கிறது, நன்கொடை தந்த அத்தனை பேரின் பெயரும் இருக்கிறது. ஆனால் இந்தத் திடலில் தலைமுறை தலைமுறையாகக் கண்விழித்து நின்ற ராக்காவலர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதோடு விட்டிருந்தாலும் நான் மனுக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்திருப்பேன். அவர்கள் உட்கார்ந்து காத்த கல்லான காவல் மேடையையே பெயர்த்து, பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "போயும் போயும் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்த கல்லுக்கு இவ்வளவு பேச்சா?" என்று விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் பதில் எழுதினார். அதற்கு விழுந்த விருப்பக் குறிகளில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அந்தக் கல்லைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு குத்துக்கற்களின் மேல் கிடத்திய ஒற்றைப் பலகைக் கல் அது. வடகிழக்கு மூலையில் விளக்குக் கம்பம் நடுவதற்காகக் குடைந்த குழி ஒன்று உண்டு. அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். நடுவில் ஆடுபுலியாட்டக் கட்டம் கீறியிருக்கும். நடுச்சாமத்தில் தூக்கம் கண்ணைச் செருகும்போது, சந்தைக்கு வந்து வண்டியடியில் படுத்திருந்த யாரையாவது எழுப்பி ஆட வைத்துத் தூக்கத்தை விரட்டியவர்கள் கீறிய கோடுகள் அவை. அங்கே உட்கார்ந்தால் நான்கு வீதிகளின் வாயும் ஒரே பார்வையில் தெரியும். யோசித்து வைத்த கல் அது.

என் வாதம் எளியது. தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடுகிறது. சந்தை வாரத்துக்கு ஒருநாள் கூடுகிறது. ராக்காவல் ஒவ்வோர் இரவும் நடந்தது. சந்தைக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் வெல்ல மூட்டைகளும் மஞ்சள் மூட்டைகளும் பருத்திப் பொதிகளும் ஏற்றிய வண்டிகள் வந்து சேரும். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வெளியூர்க்காரர்கள் வண்டிக்கடியிலேயே நிம்மதியாகப் படுத்து உறங்கினார்கள் என்றால், "பாரா உசார்" என்ற குரலும் தடி தட்டும் ஓசையும் விடியும்வரை நான்கு வீதிகளிலும் சுற்றிக்கொண்டிருந்தன என்பதுதான் காரணம். உறங்க முடியாத ஊருக்கு எந்த வியாபாரி மூட்டையோடு வருவான்? ராக்காவல் இல்லையென்றால் சந்தை இல்லை. சந்தை இல்லையென்றால் தேருக்கு வடம் வாங்கக்கூட இந்த ஊரில் பணம் இருந்திருக்காது.

எங்கள் ஜவுளிக்கடை தென்வீதி முனையில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு, வியாபாரக் களைப்பில் அப்பா பூட்டைச் சரியாக அழுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ராக்காவலரான பாராத் தாத்தா ஒவ்வொரு கடைப் பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடைக்கு நகர்வார். எங்கள் பூட்டு கையோடு வந்துவிட்டது. அவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற வீதிகள் என்ன ஆவது? டீக்கடைப் பையனை எழுப்பித் தன் தடியைக் கையில் கொடுத்து, நான்கு முக்கிலும் தட்டிக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறார். திருடனுக்கு ஓசை கேட்டால் போதும். விடியற்காலையில் நானும் அப்பாவும் கடைக்குப் போனபோது, "பூட்டு கடிக்காம இருந்துச்சுங்க மொதலாளி, அதான் இங்கயே உக்காந்துட்டனுங்க" என்றார். "ஏனுங்க, வூட்டுக்கு வந்து எழுப்பியிருக்கலாமுங்களே?" என்று அப்பா பதறினார். "கடைய வுட்டுப்போட்டு எப்படிங்க வர்றது?" என்று அவர் திருப்பிக் கேட்டதை நான் இன்றும் மறக்கவில்லை. உள்ளே இருந்தது எங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம். இந்த மனிதரைத்தான் "போயும் போயும்" என்கிறீர்கள்.

"ஆதாரம் எங்கே?" என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் கடைப் பேரேட்டில் மாதந்தோறும் "பாரா வகைக்கு" என்று பற்று எழுதியிருக்கிறது. பழைய கடைக்காரர் எவர் வீட்டுப் பரணிலும் அப்படி ஓர் ஏடு கிடைக்கும். இன்னும் பின்னால் போகலாம். சோழர் காலத்திலும் கொங்குச் சோழர் காலத்திலும் பொறித்த கல்வெட்டுகளில் "பாடிகாவல்" என்று ஒரு வரியே வருகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்த வரி. மாடுகள் அடைத்த பட்டியைக் காக்கப் புலியோடு பொருது இறந்தவர்களுக்கு நம் கொங்கு நாட்டுக் காடுகரையெல்லாம் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. அவை யாருடைய நினைவுச் சின்னங்கள்? காவலில் இருந்தவர்களுடையவைதாமே? மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அரசனைப் பாடியதோடு நிற்கவில்லை. தேரோடும் தெருவில் மழைநீர் திரண்டு ஓடும் நள்ளிரவிலும் சோர்வில்லாமல் எழுந்து திரிந்த ஊர்காப்பாளரை, துஞ்சாத கண்ணர், அஞ்சாத கொள்கையர் என்று பாடினார். அவருக்குத் தெரிந்த மரியாதை நமக்குத் தெரியவில்லை.

அடுத்த எதிர்ப்பு கனமானது. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "ராக்காவலும் தலையாரி வேலையும் சாதி பார்த்துச் சுமத்தப்பட்டவை, படி தானியத்துக்கு ஒரு குடும்பத்தையே கட்டிப்போட்டவை, அதையா பாரம்பரியம் என்று கொண்டாடுவது?" என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். பல ஊர்களில் அப்படித்தான் இருந்தது. 2022இல் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதித்தபோது அதை முழு மனதோடு வரவேற்றவன் நான். ஒருவரும் இன்னொருவருக்காகப் பிறவிக் கடனாக விழித்திருக்கக் கூடாது. ஆனால் தோழரே, அந்த வேலையைச் சுமத்தியவர்களின் பெயர் அதே கருங்கல்லில் பொன்னெழுத்தில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் மட்டும்தான் இல்லை. உங்கள் கேள்வி பலகையைச் செதுக்கியவர்களை நோக்கி அல்லவா போயிருக்க வேண்டும்? என்னிடம் மட்டும் ஏன் வந்தது? கொண்டாடச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். இன்னாருக்கு இவ்வளவு கூலி, இன்ன நேரம்வரை காவல், நோயில் விழுந்தால் கேட்க ஆளில்லை என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.

1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் வந்த பிறகு ராக்காவலுக்கு என்ன தேவை இருந்தது என்கிறார் இன்னொருவர். கடைத்தெருக்காரர்கள் காசு போட்டுப் பாராக்காரர் வைத்தது ஏன் என்று அவர் தன் தாத்தாவைக் கேட்டிருந்தால் போதும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்: கல் இருந்த இடத்தில் இப்போது ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள், அது கல்லைவிட மூன்று மடங்கு அகலம்.

"எந்த நாட்டிலாவது காவல்காரனுக்கு இப்படி மரியாதை செய்வார்களா?" என்றும் கேட்டார்கள். செய்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரிப்பன் என்று நம் ஊரைப் போல ஒரு சின்ன ஊர். அதன் சந்தைத் திடலின் நடுவில் ஒரு தூண். இன்றைக்கும் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஒருவர் அதன் நான்கு மூலைகளிலும் நின்று கொம்பு ஊதி, இரவுக் காவல் தொடங்கியது என்று அறிவிக்கிறார். அந்த ஊரில் காவலுக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் ஊரின் தலைவரும். அந்தப் பதவியில் கடைசியாக இருந்த ஹியூ ரிப்ளிதான் 1604இல் அங்கே முதல் மேயர் ஆனார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தில் 1405 முதல் காவலர் இருந்துவருகிறார். இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை ஒவ்வொரு மணிக்கும் நான்கு திசையிலும் குரல் கொடுக்கிறார். 2021இல் அந்தப் பணிக்கு முதன்முறையாக ஒரு பெண்ணையும் சேர்த்தார்கள். இரண்டு ஊரிலும் போலீஸ் இருக்கிறது, கேமரா இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது. ஆனாலும் விடவில்லை. நாம் கொம்பு ஊதச் சொல்லவில்லை. இருந்த ஒரு கல்லை இருந்த இடத்தில் விடுங்கள் என்றுதான் கேட்டோம்.

இதை எழுதும்போதே வேறொன்றும் உறுத்துகிறது. திறப்பு விழா நடந்த இரவில் புது விளக்குகளையும் நாற்காலிகளையும் காக்க ஒரு பெரியவரை நிறுத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தன, அவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டதற்கு, உட்காரக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. ஏடிஎம் வாசலிலும் அடுக்குமாடி வாயிலிலும் பனியன் கம்பெனி கேட்டிலும் நிற்கும் நம் ஊர்ப் பெரியவர்களையும், வடக்கிலிருந்து வந்து நிற்கும் பிள்ளைகளையும் நாம் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காவல் மேடை இருந்திருந்தால் அன்றிரவு அந்தப் பெரியவர் அதில் உட்கார்ந்திருப்பார். அன்றைய ஊர், காவலருக்கு உட்கார ஒரு கல்லாவது போட்டது. அதைக் கூடப் பெயர்த்தெடுத்த நாம் எந்த முகத்தோடு வரலாறு எழுதுகிறோம்?

இனி வேலையைப் பார்ப்போம். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். கேட்பவை இரண்டு: மேடை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், பலகையில் ராக்காவலர்களின் பெயர்கள் சேர வேண்டும். எங்கள் பேரேட்டில் பெயர் இல்லை, "பாரா" என்று மட்டுமே இருக்கிறது. மற்றக் கடைகளிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் உங்கள் வீட்டு அப்பாரையும் அம்மிச்சியையும் கேளுங்கள். எந்த வீதியில் யார் பாரா இருந்தார், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில், அவர் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி ஞாயிறு மாலைக்குள் அனுப்புங்கள். அந்தக் குடும்பங்களின் சம்மதம் கேட்ட பிறகே பெயர்களை மனுவில் சேர்ப்போம். கல்லை ஏற்றிவர டிராக்டர் தருவதாக இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். பலகைக் கல் உடையாமல் தூக்கத் தெரிந்த ஒட்டர் தெரு மேஸ்திரி ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.