கலந்து விட்டிருக்கீகளே!

(காரைக்குடிப் பக்கம் ஒரு தண்ணீர் விளையாட்டுத் திடல். மோட்டார் அறை வாசல்.)

ஆச்சி: ஏந்தம்பி, இப்படியா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து விடுவீக?

ஆபரேட்டர்: கூடிப்போச்சா ஆச்சி? காலையில பாத்தப்ப குளோரின் 2 பிபிஎம், பத்து லட்சத்துல ரெண்டு பங்கு. 1-க்குக் கீழ போனாத்தான் வம்பு. 3 வரைக்கும் பயமில்லை.

ஆச்சி: அதைச் சொல்லலப்பா, ஆளுகளைச் சொல்றேன். கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் எம் பேரனும் ஒரே காளான் குடைக்கடியில நனையுறாக.

ஆபரேட்டர்: ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்தானே.

ஆச்சி: அவனுக்கு மட்டும் தனியா ஒரு குழாய் திறந்து விடேன்.

ஆபரேட்டர்: 12 குழாய்க்கும் தரைக்கடியில ஒரே தொட்டி. ஒரு தலையில விழுற தண்ணி தொட்டிக்குப் போயி, மணல் ஃபில்டர் ஏறி, குளோரின் வாங்கிக்கிட்டு அடுத்த தலையில விழும்.

ஆச்சி: அடுத்த தலையிலயா! சிவ சிவா.

ஆபரேட்டர்: உங்க வீட்டு வளவுல விழுற மழைத்தண்ணி எங்க போகுது?

ஆச்சி: ஊருணிக்கு.

ஆபரேட்டர்: அங்க யார் வீட்டு மழைன்னு சீட்டு ஒட்டியிருக்கா?

ஆச்சி: ...மருந்து வாடை கண்ணைக் கரிக்குது. அள்ளிக் கொட்டிட்டே.

ஆபரேட்டர்: வெறும் குளோரினுக்கு இவ்வளவு வாடை கிடையாது. மூத்திரமும் வேர்வையும் சேந்தாத்தான் இந்த நாத்தம். இந்தா பாருங்க, சோதனைத் தண்ணியில முதல் மாத்திரை போட்டா, சும்மா இருக்குற குளோரின் 1 காட்டுது. மூணாம் நம்பர் மாத்திரையும் போட்டா, அழுக்கோட கலந்த குளோரினும் சேத்து 1.5. நடுவுல நிக்கிற அந்த அரைதான் உங்க மூக்குல ஏறுது.

ஆச்சி: பாத்தியா? இதுக்குத்தான் கண்டவுகளையும் கலக்காதேன்னேன்.

ஆபரேட்டர்: பேரப்புள்ள குளிச்சிட்டா இறங்குச்சு?

ஆச்சி: தண்ணிக்குள்ள போறவனுக்கு எதுக்குக் குளியல்? தலைக்கு நல்லெண்ணெய் வச்சு விட்டேன்.

ஆபரேட்டர்: அடடா! அதான் ஃபில்டர் அழுத்த முள்ளு அரைக் கிலோ ஏறி நிக்குது. எண்ணெய் பட்டா மணல் கட்டி பிடிச்சுக்கும். வால்வைத் திருப்பி, கண்ணாடியில தண்ணி தெளிவாத் தெரியுற வரைக்கும் பேக்வாஷ் விடணும், தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு மணலை அலசணும். பருத்தி டவுசர் வேற. அந்த நூல் பிசிறு பூரா பம்புக் கூடையில போய் அடைக்கும்.

ஆச்சி: செக்கெண்ணெய்ப்பா! கலந்தா என்ன?

ஆபரேட்டர்: ஒண்ணுக்குக் கூட்டிப் போனீகளா?

ஆச்சி: (கூவி) டேய்! ஒண்ணுக்கு வருதாடா?

பேரன்: (காளானுக்கடியிலிருந்து) இல்ல அப்பத்தா! போயாச்சு!

ஆச்சி: ...தம்பி, இன்னுங் கொஞ்சம் குளோரின் கலந்து விடேன்.

ஆபரேட்டர்: அந்த அரையை முறிக்க அதுக்குப் பத்து மடங்கு, 5 பிபிஎம் ஏத்தணும். பிள்ளைகளை உள்ள வச்சுக்கிட்டு முடியாது. எல்லாரும் வெளியேறணும்.

ஆச்சி: எல்லாருமா?

ஆபரேட்டர்: ஆமா ஆச்சி. கலந்துல்ல நிக்கிறாக.