‘ஏகமனதாக’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சுற்றறிக்கை எல்லோருக்கும் வந்திருக்கும். ‘பல்கலைக்கழக மனமகிழ் மன்றத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றுவதென உறுப்பினர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தனர்’ என்று போட்டிருக்கிறார்கள். ஏகமனதாக! அன்றைய கூட்டத்தில் நான் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியதைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் பேசி முடித்ததும் மேடையிலிருந்து வந்த பதிலையும் கேட்டார்கள்: “உணர்ச்சிவசப்படாதீர்கள், பத்து நிமிட நடைதானே?” சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் என் நண்பர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதிய கட்டடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘வளர்ச்சிக்கு எதிரானவர்’ என்று அடுத்த கூட்டத்தில் பட்டம் கட்டிவிடுவார்கள். ஒழுகாத கூரை, மேசைப்பந்துக்குத் தனி அறை, பெரிய கூடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது விளையாட்டுத் திடலைத் தாண்டி, பின்வாசலை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் யாருக்கும் வேறு வேலை கிடையாது. மன்றத்துக்கென்றே கிளம்பினால்தான் உண்டு. பழைய கட்டடம் நூலகத்துக்கும் வகுப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே யாரும் கிளம்பிப் போவதில்லை. எங்கேயோ போகிற வழியில் எட்டிப் பார்த்து, கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைகிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மன்றம் வழியில் இருக்க வேண்டும்.

நான் எப்படி உறுப்பினரானேன் என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு மாதங்கள் எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. காலையில் வருவேன், வேலையை முடிப்பேன், மாலையில் அறைக்குத் திரும்புவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழிந்த வாரங்கள் உண்டு. மன்றம் ஒன்று இருப்பது தெரியும். சேரும்படி கடிதம்கூட வந்தது. போகவில்லை. கூச்சம். தெரியாதவர்கள் நிறைந்த அறைக்குள் என்ன சொல்லிக்கொண்டு நுழைவது? ஒருநாள் நூலகத்திலிருந்து திரும்பும்போது மன்றத்துச் சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்: “தம்பி, சதுரங்கம் தெரியுமா? ஓர் ஆள் குறைகிறது.” தெரியும் என்றேன். மூன்று ஆட்டம் தோற்றேன். இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தபோது எனக்கு இந்த ஊரில் நான்கு பேரைத் தெரிந்திருந்தது. அந்தச் சன்னல் திடலுக்கு அப்பால் இருந்திருந்தால் நான் அந்த வழியே போயிருக்கவே மாட்டேன். அழைத்தவர் இன்று உயிரோடு இல்லை.

இதைத்தான் உணர்ச்சிவசப்படுவது என்கிறார்கள். சரி, ஆய்வுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் யாருக்கு யார் நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். 1950இல் வெளிவந்தது. ஒரே தளத்தில் ஐந்தே வீடுகள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் நெருங்கிய நண்பர்களாக இருந்தது 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்தால் 22. தளத்தின் இரு முனைகளில் இருந்தவர்களிடையே வெறும் 10. ஒரே கூரை, ஒரே தளம், சில அடிகள்தான் வித்தியாசம்! மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்து நட்புகள் அதிகம் இருந்தன. ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள் வாசலைக் கடந்துதானே போக வேண்டும்? அதே நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார். தூரம் கூடக்கூடப் பேச்சு சரிந்துகொண்டே போய், ஏறக்குறைய ஐம்பது மீட்டரைத் தாண்டியதும் அருகிப்போகிறது. இத்தனைக்கும் அவர்கள் வேலைக்காகப் பேச வேண்டியவர்கள். நாமோ வெறுமனே பேச வருகிறவர்கள். நமக்குப் பத்து நிமிட நடை சிறிய தூரமா?

‘கேம்பிரிட்ஜ் யூனியனே இடம் மாறியிருக்கிறதே’ என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். மாறியிருக்கிறது. 1815இல் தொடங்கிய அந்த மாணவர் விவாத மன்றம் 1866இல் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. எங்கே? ஊரின் நடுவில், வட்டத் தேவாலயத்துக்குப் பின்னால். இன்றும் அங்கேதான் இருக்கிறது. என் கட்சிக்குத்தான் அது சாட்சி. இன்னொருவர் மாசசூசெட்ஸ் மாணவர்களின் மாதிரி ரயில் மன்றத்தைச் சொன்னார். போர்க்காலத்தில், 1943இல், தற்காலிகமாகக் கட்டிய 20ஆம் எண் கட்டடத்தில் இருந்தது அது. கணினிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ‘ஹேக்’ (சாமர்த்தியமான வித்தை) என்ற சொல்லை வளர்த்தெடுத்த கூட்டம். 1998இல் இடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை விட்டு வேறிடம் போனார்கள். மன்றம் பிழைத்தது, உண்மைதான். ஆனால் பல பத்தாண்டுகளாகக் கட்டிய ரயில் பாதையைப் பிரித்துவிட்டு, புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தண்டவாளம் போடுகிறவனுக்குத் திரும்ப வர ஒரு வேலை இருக்கிறது. நம்மிடம் வருகிறவருக்கு என்ன வேலை? நாற்காலியில் உட்கார வருகிறார். அவரைத் திடலுக்கு அப்பால் எது இழுக்கும்?

பழைய கட்டடத்தில் படிகள் இருக்கின்றன, சக்கர நாற்காலி ஏறாது என்ற வாதம் நியாயமானது. சாய்தளம் கட்டுங்கள். அதை நானே கேட்டிருக்கிறேன்.

நூலகத்துக்கு நம் சத்தம் இடைஞ்சல் என்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடங்களில் நூலகத்திலிருந்து எழுத்துப்பூர்வமாக ஒரு புகார் வந்ததா? வந்திருந்தால் காட்டுங்கள் என்று கூட்டத்திலேயே கேட்டேன். காட்டவில்லை. சத்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தேர்வு முடிந்த அன்று ஆராய்ச்சி மாணவர்கள் சிரிப்பதையா? பணி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வானொலிச் செய்தியைச் சற்று உரக்க வைத்துக் கேட்பாரே, அதையா? அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் உரக்க வைக்கிறார். கோலூன்றி நடக்கிறவர். போன வாரம் நானும் அவரும் புதிய கட்டடம் வரை நடந்து பார்த்தோம். உங்கள் பத்து நிமிடம் அவருக்கு இருபத்தாறு நிமிடம் ஆனது. வழியில் இரண்டு முறை நின்றார். திரும்பும்போது, “இனி நான் வருவது கடினம், நீங்கள் போய்க்கொண்டிருங்கள்” என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரை யாராவது கேட்டார்களா? துப்புரவு முடித்துவிட்டு மதியம் அரை மணி நேரம் வந்து உட்காருகிற அம்மாக்களைக் கேட்டார்களா? அந்த அரை மணியில் போய்த் திரும்பவே இருபது நிமிடம் போய்விடும். கூட்டம் வேலை நேரத்தில் நடந்தது; அவர்களால் வர முடியாது. வந்தவர்களைப் பார்த்து, ‘ஆதரிப்போர் கைதட்டலாம்’ என்றார்கள். கைதட்டினார்கள். கைதட்டல் ஓட்டெடுப்பாகுமா? எதிர்ப்பவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டிருந்தால் நான் கை தூக்கியிருப்பேன். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேராவது தூக்கியிருப்பார்கள். தோற்றிருப்போம், அது பரவாயில்லை. சதுரங்கத்தில் நான் தோற்காத வாரமே இல்லை. ஆனால் ஆடியதே இல்லை என்று எழுதுவது வேறு.

‘மாற்றம் வேண்டாம் என்றால் எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு: மாற்றுங்கள். கூரையை மாற்றுங்கள், மேசைகளை மாற்றுங்கள், என் பழைய நாற்காலியையும் தூக்கி எறியுங்கள். வழியை விட்டு மட்டும் விலக்காதீர்கள். வேறிடம் போயே ஆக வேண்டுமென்றால், நூலகத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்று போதும். இதையும் கூட்டத்தில் சொன்னேன். அது கூட்டக் குறிப்பில் இல்லை.

இன்று காலை செயலரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். ‘ஏகமனதாக’ என்ற சொல்லை நீக்கி, எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் பெயர்களையும் நான் சொன்ன மாற்று யோசனையையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அன்று எதிராகப் பேசியவர்களும், பேச நினைத்துப் பேசாமல் போனவர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தின் நகல் மன்றத்துச் சன்னலோரம், சதுரங்கப் பலகைக்குக் கீழே இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.