ரோட்டை ஒன்வே ஆக்கினீர்கள், பஸ்ஸுக்கு வழி எங்கே?

பெங்களூரில் ஒரு ரோட்டை ஒன்வே ஆக்கியதும் நெரிசல் குறைந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். யாருக்குக் குறைந்தது? காருக்கும் பைக்குக்கும். பிஎம்டிசி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறவனுக்கு இல்லை!

ஒன்வேயால் லாபமே இல்லை என்று சொல்லவில்லை. வலது பக்கம் திரும்புகிற வண்டி எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்காது. சிக்னல் ஒரு சுற்றில் நான்கு முறை மாறுவது இரண்டு, மூன்றாகும். ஒவ்வொரு மாற்றத்திலும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வீணாகிற விநாடிகள் மிஞ்சும். அந்த மிச்சத்தில் பஸ்ஸுக்கு என்ன கொடுத்தீர்கள்?

பஸ்ஸின் கதவு இடப்பக்கம். ஸ்டாப்பும் இடப்பக்கம். அடுத்த முனையில் வலது திரும்ப வேண்டுமென்றால், 12 மீட்டர் வண்டி அத்தனை லேனையும் குறுக்கே கடக்க வேண்டும். ஸ்டாப்பிலோ ஆட்டோவும் டெலிவரி பைக்கும் நிற்கின்றன. வேறு வழியில்லாமல் டிரைவர் நடுரோட்டில் நிறுத்துகிறார், ஜனம் பைக்குகளுக்கு நடுவே இறங்குகிறது. திட்டு மட்டும் டிரைவருக்கு!

போன பஸ் திரும்பி வருவது வேறு ரோட்டில். ரெசிடென்சி ரோட்டில் இறங்கியவர் திரும்பி ஏற ரிச்மண்ட் ரோட்டைத் தேடிப் போக வேண்டும். மார்க்கெட்டிலிருந்து பூக்கூடையோடு ஆஸ்டின் டவுனுக்கு வரும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒன்வேயில் வண்டிகள் வேகமெடுப்பதால் ரோட்டைக் கடப்பதே உயிர்ப் பிரச்சினை.

ஒன்வேயிலேயே பஸ்ஸுக்கு மட்டும் எதிர்த்திசையில் ஒரு லேன் விடுங்கள். மூன்றரை மீட்டர் அகலம் போதும். கதவு ஃபுட்பாத் பக்கமே இருக்கும், போக, வர ஒரே ரோடு. எதிரே பஸ் வருவதால் கார்காரன் எளிதில் நுழைய மாட்டான். ஆனால் வெறும் பெயின்ட் கோடு போதாது; பைக் புகாதபடி கான்கிரீட் தடுப்பு வேண்டும். கடப்பவர் இரு பக்கமும் பார்க்கும்படி தரையிலேயே எழுத வேண்டும். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் இடத்தைக் குறுக்குத் தெருவுக்கு மாற்ற வேண்டும்.

டொராண்டோவின் கிங் தெருவில் 2017இல் டிராமுக்காக என்ன செய்தார்கள்? தெருவை ஒன்வே ஆக்கவில்லை. கார் பெரும்பாலான முனைகளில் நேரே போக முடியாது, வலது திரும்பியே ஆகவேண்டும். டிராம் நேரே போகும். சோதனையாகத் தொடங்கியதை 2019இல் நிரந்தரமாக்கினார்கள். அதே 2019இல் இங்கே சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை பஸ் லேன் போட்டோம். மெட்ரோ வேலை வந்ததும் முதலில் பறிபோனது அதுதான்.

அடுத்த ஒன்வே உத்தரவிலேயே பஸ் லேன் எந்தப் பக்கம், ஸ்டாப் எங்கே, ஜீப்ரா கிராசிங் எங்கே என்று எழுதுங்கள். எழுத முடியாதென்றால் அந்த ரோட்டைத் தொடாதீர்கள்.