ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லையா?

பழைய கார் வைத்திருப்பவன் என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாமா? வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

2004 மாடல் எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி. சிக்னலில் நியூட்ரலில் நின்றால் ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள், 800-ல் நிற்காது. 1500-க்கு ஏறும், 600-க்கு விழும், மறுபடி ஏறும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே உறுமி உறுமி அடங்கும். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "பிளக் போயிருக்கும் சார்." பிளக் மாற்றினார்கள். அப்புறம் த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்குத் திறக்கும் கதவு) க்ளீனிங். அப்புறம் புது ஐஏசி வால்வு (கால் வைக்காதபோது காற்றை அளந்து விடுவது). முள் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில், "ஈசிஎம் அடி வாங்கியிருக்கு, மாத்திட்டா சரியாயிடும்." ஈசிஎம் என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர். இன்னொரு இடத்தில் எத்தனால் பெட்ரோல் மேல் பழியைப் போட்டு அனுப்பினார்கள்.

எப்போது ஆடுகிறது, குளிர்ந்த இன்ஜினிலா, சூடேறிய பிறகா, ஏசி போட்டாலா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? குளிரில் மட்டும் ஆடினால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பார்க்கலாம். ஏசி போட்டால் மட்டும் ஆர்பிஎம் விழுந்தால் ஐஏசி வால்வைச் சந்தேகிக்கலாம். என் வண்டியில் எந்நேரமும் ஆடியது. கடைசியில் கிடைத்தது, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. எண்ணெயில் ஊறி, சூட்டில் வெந்து பிளந்த சாதாரண ரப்பர்!

இது ஒன்றும் மர்மம் இல்லை. வெடிப்பு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது. மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் உள்ள வண்டியில் ஈசிஎம் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும், ஆர்பிஎம் ஏறும். த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆர்பிஎம் மட்டும் அதிகம் என்றால், ஓடும் வண்டியில் காலை எடுத்துவிட்டதாக நினைத்துப் பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் மறுபடி விடும், மறுபடி ஏறும். அதாவது ஈசிஎம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதைத்தான் பழுது என்றார்கள்!

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேனிஃபோல்டில் ஒரு வேக்கம் கேஜை (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் கருவி) மாட்டினால் போதும். ஐட்லிங்கில், அதாவது கால் வைக்காமல் இன்ஜின் ஓடும்போது, பொதுவாக 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும். குறைந்திருந்தால் முதலில் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். கேஜ் இல்லையா? குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்த வழியில்தான் கசிவு. கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயைக் குழாய்கள் மேல் அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்றும் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். சோப்புத் தண்ணீரே போதும்.

"ஸ்கேனர்ல எந்த எரர் கோடும் வரலையே சார்" என்ற பதில் வேறு. வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து சொல்லும் ஓபிடி 2 முறை இந்தியாவில் கட்டாயமானதே 2013-ல்தான். 2004 வண்டியின் ஈசிஎம் ரப்பர் கிழிந்ததையெல்லாம் எரர் கோடு போட்டுச் சொல்லாது. கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

பணம் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயும் அதே மேனிஃபோல்டில்தான் தொடங்குகிறது. அது வெடித்தாலும் ஆர்பிஎம் இப்படி ஆடும், கூடவே பிரேக் பெடல் கல்லாக இறுகும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைச் சில முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், நல்ல பூஸ்டர் என்றால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அரை நிமிட வேலை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும் வண்டி அது. அந்த அரை நிமிடத்தைக்கூடச் செலவழிக்காமல் ஈசிஎம்முக்கு விலை சொல்ல எப்படி மனசு வந்தது?