1947 பாதுகாப்பு ஒப்பந்தம்: ஒரு திருத்தம்

1956இல் பிரித்தானியா எகிப்துக்கு எதிராக நடத்திய சூயஸ் போரில் இலங்கை பிரித்தானியாவோடு சேராதது இரு நாடுகளும் 1947இல் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை மீறிய செயல், அப்போது திருகோணமலைத் துறைமுகம் அவர்கள் கையில்தானே இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்குள்ள கடற்படைத் தளம் பிரித்தானியரிடம் இருந்தது உண்மை. 1957 ஒக்டோபரில்தான் இலங்கையிடம் கைமாறியது. ஆனால் ஒப்பந்த மீறல் என்பது சரியில்லை.

முதலாம் சரத்தைப் பாருங்கள். இரு நாடுகளின் பாதுகாப்புக்கும், வெளி ஆக்கிரமிப்பைத் தடுக்கவும், அத்தியாவசியப் போக்குவரத்தைக் காக்கவும், "இருவருக்கும் நலன் தருமளவுக்கு" உதவி என்கிறது. இந்த நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரித்தானியா போருக்குப் போனால் இலங்கையும் போகவேண்டும் என்று எங்குமே இல்லை. அதே சரத்தின்படி இலங்கையில் பிரித்தானியப் படை நிறுத்துவதற்குக்கூடப் பரஸ்பர இணக்கம் தேவை.

சரிபார்க்க விரும்புவோர் 1947 நவம்பரில் பிரித்தானிய அரசு அச்சிட்ட 7257ஆம் இலக்க ஆவணத்தை நூலகத்தில் கேளுங்கள். சரத்துகள் மிகச் சிறியவை, சுருக்கத்தை நம்பாமல் மூலத்தையே வாசிக்கலாம்.