சுண்ணாம்புச் செவுத்துல சிமெண்ட் பூசாதீங்க

முந்தாநேத்து நம்ம ஊரு கத்தோலிக்கக் கோயில்ல நடந்தது இங்க பாதி பேருக்கு தெரியும், போட்டோ எல்லா குரூப்லயும் சுத்துது. வடக்குச் செவுத்தைக் கொத்தி சுண்ணாம்புப் பூச்சு மொத்தத்தையும் டிராக்டர்ல அள்ளி ஏரிக்கரையில கொட்டிட்டாங்க. இனி சிமெண்ட் பூசி அஞ்சடிக்கு கிரானைட் ஒட்டப் போறாங்களாம். சுண்ணாம்புச் செவுத்துக்கு சிமெண்ட் ஒத்துக்குமான்னு ஒரே வரி தான் கேட்டேன். "ஓசூர்ல உக்காந்துட்டு மாசத்துக்கு ஒருவாட்டி வர்ற ஆளு பேசக்கூடாது"ன்னு பதில் வந்துச்சு. ரெண்டு நாளா மனசு ஆறல.

அந்தச் செவுரு ரெண்டடிக்கு மேல கனம். கல்லும் செங்கல்லும் வச்சு சுண்ணாம்புக் காரையில கட்டுனது. அஸ்திவாரத்துல ஈரம் ஏறாம தடுக்க இப்ப போடுற மாதிரி பெல்ட்டு எல்லாம் கிடையாது. மண்ணு ஈரத்தை செவுரு இழுக்கும், வெயில் அடிச்சா பூச்சு வழியா வெளிய விட்டுடும். இத்தனை வருஷம் நின்னது அப்படித்தான். வெளிய சிமெண்ட்டும் கிரானைட்டும் போட்டு அடைச்சா ஈரம் எங்க போகும்? மேல ஏறும். கிரானைட்டுக்கு மேல உப்பு பூத்து பொரிஞ்சு கொட்டும். ஓதம் அடிக்குதுன்னு தானே இந்த வேலைய ஆரம்பிச்சீங்க, அந்த ஓதத்தை உள்ளயே பூட்டுற வேலைங்க இது.

எங்க தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ இந்தக் கோயிலுக்கு சுண்ணாம்பு அரைக்கிற செக்குல மாடு ஓட்டுனாராம். கடுக்காய ஊறவச்ச தண்ணியும் வெல்லமும் ஊத்தி நாள் கணக்கா அரைப்பாங்க, வெல்லத் தண்ணிய திருடிக் குடிச்சு உதை வாங்குனதை சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. திருவிழாவுக்கு முன்னாடி தொட்டியில சுண்ணாம்பு கொதிக்கிறத நாங்க சுத்தி நின்னு பாப்போம், கொஞ்சம் நீலம் கலந்து மட்டையால அடிப்பாங்க. வருஷா வருஷம் அடிச்ச அந்த வெள்ளை தாங்க செவுத்துக்கு மருந்து. டிஸ்டம்பர் வந்தப்புறம் அதையும் விட்டோம்.

"பழசுன்னு சொல்ல என்ன ஆதாரம்"னு ஒருத்தர் கேட்டாரு. கொட்டுன குப்பையில இருந்து ஒரு கூரை ஓடு எடுத்து வச்சிருக்கேன், முனை உடைஞ்சிருக்கு, அடியில பாசல் மிஷன், மங்களூர்னு அச்சு. 1865ல மங்களூர்ல ஓடு போட ஆரம்பிச்ச சுவிட்சர்லாந்து மிஷனரிங்க அவங்க. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரன் அவங்க தொழிற்சாலைய எடுத்துக்கிட்டு, அப்புறம் காமன்வெல்த் டிரஸ்ட்னு பேரு மாறிடுச்சு. அப்போ இந்த ஓட்டுக்கு நூறு வயசுக்கு மேல. நம்ம தர்மபுரி மறைமாவட்டம் (ஒரு ஆயருக்குக் கீழ வர்ற எல்லை) 1997ல வந்தது, அதுக்கு முன்னாடி சேலம், சேலம் மறைமாவட்டமே 1930ல தான். அதுக்கும் முன்னாடி பாண்டிச்சேரி, பிரெஞ்சு சாமியாருங்க காலம். சேலம் மறைமாவட்டத்துக்கும் முந்தி சுட்ட ஓடு குப்பையில கிடந்துச்சு.

கூட்டத்துக்கு இடம் பத்தலன்னா தாழ்வாரத்தை நீட்டுங்க, ஒழுகுதுன்னா ஓடு மாத்துங்க, யாரு வேணாம்னா. பழசுன்னு கும்பிட்டுட்டு உக்காரச் சொல்லல. சிமெண்ட் வேணாம்னு மட்டும் தான் சொல்றேன். "கிரானைட் ஒருத்தர் காணிக்கையா தர்றாரு, வேணாம்னா மனசு நோகும்"ங்கிறீங்க. சரி, கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழி முழுக்க சேறு, அங்க போடுங்க, காலத்துக்கும் அவர் பேர் சொல்லும். காணிக்கை குடுத்தவர் மனசு நோகும், மாடு ஓட்டுனவரோட பேரன் மனசு நோகாதா? எங்க அம்மா செத்தப்போ ஜெபம் சொல்லி மந்திரிச்சு தூக்கிட்டுப் போனது அந்த வடக்கு வாசல் வழியாத்தான். நான் ஓசூர்ல இருக்கிறது வேலைக்கு, ஊர் வேணாம்னு இல்ல. வெளிய இருக்கிறவன்னு என்னைச் சொன்னது தான் தாங்க முடியல.

தெக்குச் செவுத்துல இன்னும் கை வைக்கல. திங்கக்கிழமை கொத்த ஆளு வருதுன்னு கேள்விப்பட்டேன். லீவு சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ல வந்துடுவேன். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் யாராவது இருந்தா நம்பர் போடுங்க.