ஹாக்ஸ்பரி ஆத்துல நிக்கிற கல் தூண்கள், குண்டு போட்டதால இல்லைங்க

சிட்னிக்கு வடக்க, சுத்திலும் காடா இருக்கிற ப்ரூக்ளின்ல ஆத்துக்குள்ள மொட்டையா நிக்கிற கல் தூண்கள் போட்டோவ போட்டு, "ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டு உடைச்ச பாலம்"னு வாட்ஸ்அப்ல சுத்துது, அது தப்புங்க, தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

அது 1889 மே 1ல திறந்த ரயில் பாலத்தோட தூண்கள். நியூயார்க் கம்பெனி ஒண்ணு கட்டுனது, பக்கத்துல டாங்கர் தீவுல வச்சு இரும்பு ஸ்பான்கள (ரெண்டு தூணுக்கு நடுவுல வர்ற பாலத் துண்டுகள) கோத்து, மிதவைல ஏத்தி, அலை ஏறுற நேரம் பாத்து இழுத்துட்டு வந்து, தண்ணி வடியும்போது தூண் மேல உக்கார வச்சாங்க. எவ்ளோ பொறுமையான வேலை பாருங்க! அடில அவ்ளோ சேறு, ஒரு அஸ்திவாரம் தண்ணி மட்டத்துலருந்து கிட்டத்தட்ட 49 மீட்டர் ஆழம் போச்சு.

அப்புறம் தூண்கள்ல விரிசல் விட்டுச்சு, ரயில மெதுவாத்தான் விட்டாங்க. அதான் பக்கத்துலயே புதுப்பாலம் கட்டி 1946ல திறந்தாங்க, பழைய இரும்ப கழட்டிட்டு தூண்கள மட்டும் விட்டுட்டாங்க.

1942ல ஜப்பான் குட்டி நீர்மூழ்கிகள் தாக்குனது சிட்னி துறைமுகத்த, இந்த ஆத்த இல்ல.